படமும் நாலு வரியும்: வாசகர் கைக்கு எந்த வழியில் கொண்டு சேர்ப்பது?

படம் வரைந்து, அதன் அடியிலேயே நாலு வரி எழுதுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதையெல்லாம் எங்கே போடுவது?" போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் ஐந்து வருஷமாக இன்ஸ்டாகிராமில் போட்டுப் போட்டுச் சலித்துப்போனவர். இன்னொருவர் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர். மூன்றாமவர் கல்லூரி மாணவி. ஆறு நோட்டு நிறைய வரைந்து வைத்திருக்கிறார். ஒரு படம்கூட வெளியே போனதில்லை.

மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் எதை வைத்து முடிவெடுப்பது என்பதைச் சொல்ல முடியும். நான் அதைக் கற்றுக்கொண்டது ஒரு அம்மிக்கல்லிடமிருந்து.

நான் வரைந்த படம் ஒன்று: மூன்றாம் மாடிக் குடியிருப்பு ஒன்றின் பால்கனியில் யாரும் தொடாமல் கிடக்கும் அம்மிக்கல். அதற்குச் சளி. கம்பளி மப்ளர் சுற்றிக்கொண்டு, குழவியைத் தலையணையாக வைத்துப் படுத்திருக்கிறது. கீழே நான் எழுதியது: "மிளகு ரசம் குடித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். மிளகை அரைக்க ஆள் இல்லாமல்தானே எனக்குச் சளியே பிடித்தது." படத்தைத் தனியாகவும் வரிகளைக் கேப்ஷனாகவும் போட்டேன். பத்து நாள் கழித்து என் சித்தி ஒரு குடும்பக் குழுவில் வந்ததென்று அதே படத்தை எனக்கே அனுப்பினார். என் வரிகள் இல்லை, பெயரும் இல்லை. அடியில் யாரோ "மழைக்காலச் சளிக்கு ஐந்து கைவைத்தியம்" என்று எழுதிச் சேர்த்திருந்தார்கள். படம் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது, ஆனால் நான் சொல்ல வந்தது ஒருவரிடமும் போய்ச் சேரவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

## முதலில், எதை வைத்து அளப்பது

நான் நான்கு கேள்விகள் கேட்பேன்.

படமும் வரியும் பிரியாமல் போகின்றனவா? இதைத்தான் முதலில் வைப்பேன். தனி ஓவியருக்கோ தனி எழுத்தாளருக்கோ இது பெரிய விஷயமில்லை. இரண்டையும் கலந்து செய்கிறவர்களுக்கு இதுதான் உயிர்.

அந்த வாசகரை நாளைக்கும் நீங்களே தேடிப்போக முடியுமா? அதாவது அவருடைய முகவரி உங்களிடம் இருக்கிறதா, அல்லது நடுவில் இருக்கும் நிறுவனத்திடம் இருக்கிறதா?

பணம் வருமென்றால் எந்த வழியாக வரும், வழியில் எவ்வளவு கழியும்?

வரைகிற நேரத்தில் எவ்வளவை இது தின்னும்? இந்தச் செலவை யாரும் நோட்டில் எழுதி வைப்பதில்லை. எழுதினால் பல முடிவுகள் மாறும்.

## இன்ஸ்டாகிராம்

புதியவர்கள் உங்களைக் கண்டெடுக்க இன்றைக்கும் இதைவிட எளிய வழி இல்லை. செலவு கிடையாது. கோயம்புத்தூரில் வரைந்ததை டொராண்டோவில் ஒருவர் அடுத்த நிமிடம் பார்க்கிறார். 2024 ஆகஸ்டிலிருந்து ஒரே பதிவில் 20 படங்கள் வரை அடுக்கலாம் என்பதால் சிறு படக்கதை ஒன்றை முழுசாகவே போட்டுவிடலாம்.

கேப்ஷனில் 2,200 எழுத்துக்குறிகள்தான் அனுமதி. தமிழில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். "கொ" என்றால் இரண்டு. ஆகவே கைக்கு வருவது ஏறக்குறைய 250 சொற்கள். அதிலும் முதல் ஓரிரு வரிக்கு மேல் "மேலும்" என்பதைத் தொட்டால்தான் விரியும். வரிகளைப் படத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். அம்மிக்கல்லுக்குப் பிறகு நான் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பான் படத்துக்குள் இருக்கும் எழுத்தைச் சரியாகப் படிக்காது. படத்தை விவரிப்பதற்கென்று உள்ள மாற்று உரைப் (alt text) பெட்டியில் அதே வரிகளை மறுபடியும் தட்டச்சு செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. 2016-ல் கால வரிசை போய், யாருக்கு எதைக் காட்டுவது என்று மென்பொருளே முடிவு செய்யும் அல்காரிதம் வந்தது. அதிலிருந்து ஃபாலோ செய்பவர்கள் எல்லோருக்கும் உங்கள் படம் போய்ச் சேரும் என்ற உறுதி இல்லை. 2025 ஜனவரியில் முகப்புக் கட்டங்கள் சதுரத்திலிருந்து நீள்செவ்வகமாக மாறின. சதுரத்தை நம்பிப் பல வருஷம் அடுக்கி வைத்தவர்களின் பக்கம் ஒரே நாளில் ஓரம் வெட்டுப்பட்டு நின்றது. 2024-ல் இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான மெட்டா பொதுப் பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வது பெரிய பேச்சானபோது, உலகெங்கும் ஓவியர்கள் காரா என்ற தளத்துக்குக் கூட்டமாகப் போனார்கள். போகும்போது தங்கள் ஃபாலோயர்களைக் கூடவே அழைத்துப்போக முடியவில்லை. இரண்டாவது கேள்வி எவ்வளவு பெரியது என்று அன்றைக்குப் பலருக்கும் தெரிந்தது.

இது யாருக்கு: இன்னும் யாருக்கும் தெரியாதவருக்கு. திண்ணை மாதிரி. வருகிறவர் போகிறவர் உட்காரட்டும், ஆனால் குடித்தனம் உள்ளே இருக்க வேண்டும்.

## வாட்ஸப்

நம்மவர்கள் உண்மையில் படிக்கும் இடம் இதுதான். அம்மா, மாமா, பழைய தமிழாசிரியர் எல்லோரும் இருக்கும் இடம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த, யாரும் பின்தொடரக்கூடிய சேனலில் அந்த வரம்பு இல்லை. உங்கள் எண்ணும் மற்றவர்களுக்குத் தெரியாது.

பிராட்காஸ்டில் தனிப்பட்ட எண் ஊருக்குத் தெரிந்துவிடும். பெண்களுக்கு இது சின்ன விஷயமில்லை. இதற்கென்றே இன்னொரு சிம் வாங்கி வாட்ஸப் பிசினஸில் போடுங்கள். படத்தை வழக்கம்போல அனுப்பினால் சுருக்கப்பட்டு மெல்லிய கோடுகள் கலங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும், ஆனால் அதைத் தொட்டுத் திறப்பவர்கள் குறைவு. பெயர் கழன்றுபோகும் அபாயம் இங்கேதான் அதிகம். கையெழுத்தை ஓரத்தில் போடாதீர்கள், ஓரத்தை வெட்டிவிடுவார்கள். அம்மிக்கல்லின் மப்ளரில் ஒரு பூவேலை போல என் பெயரை நான் இப்போது வைப்பதுண்டு.

## மின்னஞ்சல் மடல்

என் மனம் இங்கேதான் ஒட்டியிருக்கிறது. படமும் வரியும் நீங்கள் வைத்த வரிசையிலேயே போகின்றன. ஒருவர் காலையில் காபியோடு உட்கார்ந்து மேலிருந்து கீழே படிக்கிறார். முகவரிப் பட்டியல் உங்களுடையது. இந்தத் தளம் பிடிக்கவில்லை என்றால் பட்டியலை இறக்கிக்கொண்டு வேறு தளத்துக்குப் போய்விடலாம். வேறு எந்த இணைய வழியிலும் இந்த உரிமை இவ்வளவு முழுசாக இல்லை.

தமிழில் மடல் எழுதுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: ஜிமெயில் 102 கேபிக்கு மேல் போகும் மடலை நடுவில் வெட்டி, "முழுதும் பார்க்க" என்று ஓர் இணைப்பைக் கொடுத்துவிடும். படங்கள் வெளியிலிருந்து இழுக்கப்படுவதால் அவை இந்தக் கணக்கில் வராது. எழுத்தும் வடிவமைப்புக் குறிகளும் வரும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் தொடாத எல்லையை நாம் பாதி வழியிலேயே தொட்டுவிடுவோம். கடைசி வரியில் கதையின் உயிரை வைத்திருந்தால் அது வெட்டுக்குக் கீழே போய்விடும். எனவே மடலை 1,000 சொற்களுக்குள் நிறுத்துங்கள், அலங்கார வார்ப்புருவைத் தவிருங்கள், முதலில் உங்களுக்கே ஒன்று அனுப்பிப் பாருங்கள்.

இன்னொரு செலவு, பதில் எழுதுவது. லைக் போடுகிறவருக்கு நீங்கள் ஒன்றும் கடன்பட்டவர் இல்லை. மடல் அப்படியில்லை. "அம்மிக்கல்லைப் பார்த்ததும் எங்கள் ஆத்தா ஞாபகம் வந்தது" என்று ஒருவர் அரைப் பக்கம் எழுதினால் பேசாமல் இருக்க முடியாது. மூமின் என்ற சிறுவர் கதை உலகத்தை எழுதி வரைந்த பின்லாந்தின் தூவே யான்சனுக்கு வருடத்துக்குச் சுமார் 2,000 கடிதங்கள் வந்தன. கையாலேயே பதில் எழுதி வந்தார். அது அவருக்கு அன்பாகவும் பாரமாகவும் இருந்தது. எனக்கு மாதம் முப்பது நாற்பது பதில்கள்தான். அதற்கே ஒரு ஞாயிறு முழுதும் போகிறது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதையும் முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். அதே யான்சன் 1954-ல் லண்டனின் தி ஈவினிங் நியூஸ் நாளிதழுக்கு மூமின் படத்தொடர் வரையத் தொடங்கினார். பணமும் பெயரும் வந்தன. நாள் தவறாத அந்த ஓட்டம் அவருக்குப் பிடித்த ஓவிய வேலையையே விழுங்கிவிட்டது. சில வருஷங்களில் அவர் விலகிக்கொள்ள, தம்பி லார்ஸ் 1975 வரை தொடர்ந்தார். நமக்குத் தொடர்ந்து வரைய ஒரு தம்பி இருப்பார் என்று சொல்ல முடியாது. வாரம் ஒன்று என்று வாக்குக் கொடுத்துவிட்டு நின்றுபோன மடல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாதம் ஒன்று போதும்.

## மாதச் சந்தா

பேட்ரியான், சப்ஸ்டாக் போன்றவை. வாசகர் மாதம் ஒரு தொகை தருவார்; நீங்கள் அவருக்கென்று ஏதாவது தர வேண்டும். மேலிருந்து பார்த்தால் முழுநேரக் கலைஞருக்கென்றே செய்தது போலிருக்கும்.

நம் ஊரில் சிக்கல் பணம் வரும் குழாயில் இருக்கிறது. சப்ஸ்டாக் 10 சதவீதம் எடுத்துக்கொள்ளும், அதன் மேல் பணம் வாங்கித்தரும் ஸ்ட்ரைப்பின் கட்டணம். அந்த ஸ்ட்ரைப் 2024 முதல் இந்தியாவில் புதிய கணக்குகளை அழைப்பின் பேரில் மட்டுமே தருவதாக அறிவித்தது. இலங்கையில் அதன் சேவையே இல்லை. இணையப் பணச் சேவையான பேபால் 2021 ஏப்ரலில் இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு மட்டும் உதவும். ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரில் கொண்டுவந்த கூடுதல் அனுமதி விதிக்குப் பிறகு, வெளிநாட்டுத் தளங்களில் இந்திய அட்டை வழியாக மாதாமாதம் கழிய வேண்டிய தொகை பாதியில் நின்றுபோவதும் சகஜம்.

ஆகவே உங்கள் வாசகர்கள் பெரும்பாலும் கனடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் இது பொருந்தும். மதுரையிலும் திருச்சியிலும் இருந்தால், வருடத்துக்கு ஒருமுறை யுபிஐயில் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு ஒரு சிறுநூலை அனுப்புவதுதான் நடக்கிற காரியம்.

பணத்துக்காகக் கூடவே பைகளும் காந்த ஒட்டிகளும் செய்வது கலையைக் கெடுக்குமா என்று கேட்கிறார்கள். கெடுக்காது. சென்னைக்குத் தெற்கே 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்து சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை உருவாக்கிய ஓவியர்கள் பத்திக் துணி முதலான கைவினைப் பொருட்களை விற்றுத்தான் தங்கள் கிராமத்தை நிற்க வைத்தார்கள். ஓவியம் ஓவியமாகவே இருந்தது.

## அச்சிட்ட சிறுநூல்

24 பக்கம், சென்டர் பின் அடித்த ஒரு சின்னப் புத்தகம். படமும் வரியும் பிரிய வழியே இல்லை. பின்னைப் பிடுங்கினால்தான் உண்டு. பத்து வருஷம் கழித்தும் யாராவது அலமாரியிலிருந்து எடுப்பார்கள்.

இதற்கு எனக்குப் பிடித்த முன்மாதிரி, குழந்தைகளுக்குக் கதை எழுதிப் படமும் வரைந்த இங்கிலாந்தின் பியாட்ரிக்ஸ் பாட்டர். 1893 செப்டம்பரில் நோயில் படுத்திருந்த நோயல் என்ற ஐந்து வயதுப் பையனுக்கு ஒரு முயல் கதையைப் படங்களோடு கடிதமாக எழுதினார். பல வருஷம் கழித்து அதைப் புத்தகமாக்க நினைத்தபோது அந்தக் கடிதத்தையே அவனிடம் கடன் கேட்டார். பையன் பத்திரமாக வைத்திருந்தான். பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. அவர் கேட்டது சின்ன அளவு, குழந்தைகள் வாங்கக்கூடிய விலை. கடைசியில் 1901 டிசம்பரில் தன் காசில் 250 பிரதிகள் அடித்தார். சில வாரங்களில் தீர்ந்துபோய் இன்னும் 200 அடித்தார். 1902 அக்டோபரில்தான் பதிப்பகத்தின் வண்ணப் பதிப்பு வந்தது. ஒரு வாசகர், பிறகு 250 பேர், அதன் பிறகுதான் உலகம்.

நமக்கும் இது புதிதில்லை. எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959-ல் 'எழுத்து' என்ற சிற்றிதழைத் தொடங்கி நடத்தினார். புத்தகக் கட்டுகளைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். சிற்றிதழ்களின் அட்டைக்கும் உள்பக்கங்களுக்கும் ஆதிமூலம் போன்ற ஓவியர்கள் வரைந்த கோடுகள் இன்றும் பேசப்படுகின்றன.

அச்சகத்துக்குப் போகும் முன் சில விஷயங்கள். சென்டர் பின் புத்தகத்தின் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். முந்நூறு பிரதிக்குக் கீழே டிஜிட்டல் பிரிண்ட்தான் கட்டும். பெரிய எண்ணிக்கைக்கான ஆஃப்செட் அச்சில், பக்கங்களுக்கு அச்சுத் தகடு (பிளேட்) செய்யும் செலவே மேலேறிவிடும். திரையில் மின்னும் கிளிப்பச்சை தாளில் மங்கும், எனவே கோப்பை அச்சு மைக்கான சிஎம்ஒய்கே நிறமுறைக்கு மாற்றிப் பாருங்கள், ஒரு ப்ரூஃப் (மாதிரி அச்சு) கையில் வாங்கிப் பாருங்கள். கோட்டோவியத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். தட்டச்சு செய்த தமிழ் இருந்தால் எழுத்தை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிய பிடிஎஃப் கொடுங்கள். என் முதல் நூலில் இதைச் செய்யாமல் விட்டேன். அச்சகத்தில் கோப்பைத் திறந்து வேறு மென்பொருளில் ஒட்டியபோது ஒற்றைக்கொம்பெல்லாம் எழுத்தைத் தாண்டி வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. "கெண்டை" என்பது படிக்கவே முடியாத ஏதோ ஒன்றாகி நின்றது. நூறு பிரதியையும் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

கணக்குக்காக, 100 பிரதி, ஒன்றுக்கு 60 ரூபாய் அடக்கம், விலை 150 என்று வைத்துக்கொள்வோம். நேரில் விற்றால் 40 பிரதியில் போட்ட பணம் திரும்பிவிடும். கடையில் வைத்து 40 சதவீதம் கழிவு கொடுத்தால் ஒரு பிரதிக்குக் கைக்கு 90 வரும். அடக்கம் போக 30 மிஞ்சும். தபால் செலவை விலைக்குள் வைத்தால் அதுவும் கரையும். பதிவு நூல் அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றுபோனது சிறு பதிப்பாளர்களுக்குப் பெரிய அடி. 2025 மே மாதம் வந்த 'ஞான் போஸ்ட்' என்ற புத்தக அஞ்சல் சேவை அதைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது: தொடங்கியபோது 300 கிராம் வரை 20 ரூபாயும் அதற்கான அரசு வரியும். நம் சிறுநூல் நூறு கிராமைக்கூடத் தொடாது. இதில் அனுப்ப, அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் நூலின் உள்ளே இருக்க வேண்டும், விளம்பரம் கூடாது, பருவ இதழ்களுக்கு இது கிடையாது. "இதழ் 1, இதழ் 2" என்று போட்டுக் குறிப்பிட்ட இடைவெளியில் வெளியிட்டால் பருவ இதழுக்கான பதிவுக் கேள்வியும் வரும். தனித்தனித் தலைப்பு வைத்து நூலாகவே போடுங்கள். நூலுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் வேண்டுமென்றால் இந்தியாவில் இலவசமாகவே கிடைக்கிறது.

பிறகு அந்தப் பெட்டிகள். விற்காத ஐம்பது பிரதி கட்டிலுக்கடியில் கிடந்து உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். முதல் நூலை நூறுக்கு மேல் அடிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

## கையால் எழுதும் அட்டை

1879-ல் இந்தியாவுக்கு வந்த போஸ்ட்கார்டில் ஒரு சின்னப் படமும் இரண்டு வரியும் போட்டு அனுப்புவது. இருபது பேர் வரை இதைப் போல இனிய வழி இல்லை. அதற்கு மேல் கை வலிக்கும். வாசகரின் வீட்டு முகவரி உங்களிடம் வருகிறது. அதைப் பூட்டி வைக்க வேண்டிய பொறுப்பும் கூடவே வருகிறது.

## ஒரே பார்வையில்

| வழி | படமும் வரியும் சேர்ந்தே போகுமா | முகவரி யாரிடம் | பணம் | தின்னும் நேரம் |
|---|---|---|---|---|
| இன்ஸ்டாகிராம் | வரி படத்துக்குள் இருந்தால் மட்டும் | தளத்திடம் | நேராக வராது | தினமும் |
| வாட்ஸப் | எளிதில் பிரியும் | பிராட்காஸ்ட் என்றால் உங்களிடம் | யுபிஐ கேட்கலாம் | குறைவு |
| மின்னஞ்சல் மடல் | சேர்ந்தே போகும், நீளம் மீறாவிட்டால் | உங்களிடம் | மறைமுகமாக | மாதம் மூன்று நான்கு நாள் |
| மாதச் சந்தா | சேர்ந்தே போகும் | தளத்தைப் பொறுத்தது | உண்டு, கழிவும் தடங்கலும் உண்டு | நிற்கவே முடியாது |
| சிறுநூல் | பிரியவே பிரியாது | நேராக விற்றால் உங்களிடம் | உண்டு, முன்பணம் வேண்டும் | வருடத்தில் இரண்டு மாதம் |
| அட்டை | பிரியாது | உங்களிடம் | இல்லை | ஆளைப் பொறுத்தது |

## கேட்ட மூவருக்கும்

கல்லூரி மாணவிக்கு: முதலில் பத்து அட்டை. உங்களுக்குப் பிடித்த பத்துப் பேருக்கு அனுப்புங்கள். பதில் எழுதியவர்கள் எந்தப் படத்தைச் சொன்னார்கள் என்று குறித்து வையுங்கள். அதன் பிறகு இன்ஸ்டாகிராம் தொடங்குங்கள். அந்த ஆறு நோட்டிலிருந்து எதை முதலில் போடுவது என்று அப்போது தெரிந்திருக்கும்.

சலித்துப்போனவருக்கு: கணக்கை மூடாதீர்கள். வாரம் ஒரு படம் என்று குறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் அடியிலும் மடலுக்கான இணைப்பை வையுங்கள். ஆயிரம் ஃபாலோயரில் நாற்பது பேர்தான் மடலுக்கு வருவார்கள் என்றாலும் தயங்க வேண்டாம். அந்த நாற்பது பேர் இனி உங்கள் வாசகர்கள்.

வேலையை விட நினைப்பவருக்கு: இன்னும் விட வேண்டாம். வேலையில் இருந்தபடியே ஒரு மடலை பன்னிரண்டு மாதம் தவறாமல் அனுப்பிப் பாருங்கள். வருடக் கடைசியில் அவற்றிலிருந்து ஒரு சிறுநூல், நூறு பிரதி, மடல் வாசகர்களுக்கு மட்டும் முன்பதிவில். நூறும் போனால் அடுத்த வருடம் இரண்டு நூல். வாசகர்களில் பாதிப்பேர் வெளிநாடு என்று தெரியவந்தால் அப்போது சந்தாவைப் பற்றிப் பேசலாம்.

நான் செய்வது: மாதம் ஒரு மடல், தை மாதத்தில் ஒரு சிறுநூல், நடுவில் தோன்றும்போது இன்ஸ்டாகிராம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மடல் பட்டியலை இறக்கி ஒரு பென் டிரைவில் வைப்பேன். அம்மிக்கல் இந்தத் தை நூலில் ஏழாம் பக்கத்தில் வருகிறது, வரிகளோடு.